பிஸ்கட்டுக்குள் ஒளிந்திருந்த மாடு

ஃப்ரய் பென்தோஸ் ஊருக்குள் நுழையும் சாலையில், பெட்ரோல் பங்கைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் நீபியா பெரெய்ராவின் பெட்டிக்கடை இருக்கிறது. வீட்டின் முன்னறைச் சன்னலைப் பெரிதாக உடைத்துப் பலகை போட்டுக் கடையாக்கிக்கொண்டவள் அவள். மிட்டாய், பிஸ்கட், சிகரெட், தேநீர்போலக் குடிக்கும் மாத்தே இலைத் தூள், சோப்பு, தீப்பெட்டி எல்லாம் உண்டு. சாமான் வாங்குகிறவர்களைவிடப் பேச்சுக் கொடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். அவள் வாயில் எதுவும் தங்காது என்பதும், அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால் என்பதும் ஊருக்குத் தெரியும். இருபது வருடம் விடாமல் பிடித்த சிகரெட்டை ஒரு மத்தியானம் பாதியில் அணைத்தவள், அந்த மிச்சப் பாதியைக்கூட அப்புறம் தொடவில்லை.

அப்படிப்பட்டவள் இறைச்சியை விட்டதற்கு ஒரு லாரிதான் காரணம்.

ஜனவரி மாதம். தார் உருகி செருப்பில் ஒட்டும் வெயில். மாடு ஏற்றிய லாரி ஒன்று அவள் கடைக்கு நேர் எதிரே புகை விட்டுக்கொண்டு நின்றுபோனது. எல்பியோ என்ற அதன் டிரைவர் சட்டையெல்லாம் நனைந்து சாலையைத் தாண்டி வந்தான்.

"தோன்யா, ஒரு வாளி தண்ணி கிடைக்குமா?" வயதான பெண்களை அந்த ஊரில் மரியாதையாகத் தோன்யா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"குடிக்கவா, வண்டிக்கா?"

"மாட்டுக்கு. மெக்கானிக் மெர்சேதெஸ் ஊர்லேர்ந்து வரணும். அதுக்குள்ள பாதி செத்துடும்போல இருக்கு."

ஒரு வாளியில் என்ன ஆகும்? நீபியா தோட்டத்து ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்தாள். பலகை இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சினாள். உள்ளே நெருக்கியடித்து நின்ற மாடுகள் முதலில் மிரண்டன. பிறகு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மூக்கை நீட்டின. கறுப்பும் வெள்ளையுமாக எல்லாமே கிழட்டு மாடுகள். மடி தொங்கிப்போய், இடுப்பெலும்பு கோட்டு மாட்டுகிற கொக்கி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது.

"இதுங்க கறி மாடு இல்லையே, பால் மாடுல்ல?"

"பால் மாடாத்தான் இருந்துச்சு. வத்திப்போச்சு. வத்தினப்புறம் பண்ணைக்காரன் உட்கார வச்சுத் தீனி போடுவானா? இப்ப கறி மாடு."

சாயங்காலம் வரை அவள் குழாயோடு நின்றாள். அவற்றில் ஒன்று, நெற்றியில் சுண்ணாம்பு தடவினதுபோல வெள்ளை விழுந்தது, தண்ணீர் குடித்த பிறகும் நகரவில்லை. சொரசொரப்பான நாக்கை இடுக்கு வழியாக நீட்டி அவள் மணிக்கட்டை நக்கிக்கொண்டே இருந்தது. வண்டி சரியானது. எல்பியோ ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினான். லாரி கண்ணுக்கு மறைந்த பிறகும் நீபியா சாலையோரத்தில் அப்படியே நின்றாள். குழாய்த் தண்ணீர் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

"கிழவி, தண்ணியச் சாலைக்கு ஊத்தி என்ன முளைக்கப்போகுது?" என்று அவள் கணவன் எபெர் வீட்டுக்குள்ளிருந்து கத்தினான்.

எபெர் ஆற்றுப் பாலத்துச் சுங்கச்சாவடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய பொறுமை. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அவன்தான் மிலனேசா பொரித்திருந்தான். ரொட்டித்தூளில் புரட்டிய மாட்டிறைச்சி, பொன்னிறமாக, மேலே எலுமிச்சை பிழிந்து. நீபியா தட்டைப் பார்த்தாள். பிறகு அதை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வயிறு சரியில்லையா?"

"வயிறெல்லாம் சரியாத்தான் இருக்கு. அது என் கைய நக்குச்சு, எபெர்."

"நம்ம நாய்கூடத்தான் நக்குது."

"நாய நாம திங்கறதில்லையே."

எபெர் இரண்டு தட்டையும் தானே காலி செய்தான். "ஒரு வாரம் பாப்போம்" என்றான்.

வாரம் போனது, மாதம் போனது. மாடுகள் பால் வற்றித்தான் லாரியேறின என்பதால் அவள் பாலையும் விட்டாள். பாலை விட்ட கையோடு முட்டையும் போனது. இப்படி இருப்பதற்கு வீகன் என்று ஒரு பெயர் உண்டென்பதே ரேடியோவில் யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

ஊர் சும்மா இருக்குமா? எந்த ஊர் அது? மாட்டின் கத்தலைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் டப்பாவில் அடைத்து உலகத்துக்கே விற்றோம் என்று மார்தட்டுகிற ஊர். பழைய இறைச்சி ஆலையில் தாத்தாவோ அப்பாவோ வேலை பார்க்காத வீடு இங்கே இல்லை. நீபியாவின் அப்பாவே கொழுப்பு உருக்கும் பிரிவில் இருந்தவர்.

"கோழியாவது சாப்பிடுவீங்கல்ல, தோன்யா?"

"கோழியும் இல்ல."

"இறைச்சின்னா மாடுதானே? கோழி வெறும் கோழிதானே?"

"அப்ப அது என்ன, கத்திரிக்காயா?"

இந்தப் பேச்சைத் தினம் யாராவது ஒருவர் புதிதாகக் கண்டுபிடித்ததுபோலச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவளும் சளைக்காமல் பதில் சொல்வாள். உருளைக்கிழங்கு, பருப்பு, தக்காளி என்று பொழுது ஓடியது. பசித்தால் இருக்கவே இருக்கிறது, மாத்தேவோடு கடித்துக்கொள்ளும் உப்பு பிஸ்கட். அதை அவள் கணக்கில்லாமல் தின்றாள்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள். மழைக்கு முந்தைய புழுக்கம். கடையில் ஈ இல்லை. புது பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். ஒரு வாடை. எங்கேயோ தெரிந்த வாடை. இன்னொரு தரம் மோந்து பார்த்தபோது, கொல்லைக் கொடியில் காய்ந்த அப்பாவின் வேலைச் சட்டை நினைவுக்கு வந்தது. எத்தனை தோய்த்தாலும் அந்தச் சட்டையை விட்டுப் போகாத வாடை அது.

எபெரின் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பினாள். எறும்பு மாதிரி எழுத்து. கோதுமை மாவு, அதற்கு அடுத்ததாகவே, சுத்திகரிக்கப்பட்ட மாட்டுக் கொழுப்பு.

"எபெர்! இங்க வா. பிஸ்கட்டுக்குள்ள மாடு இருக்கு."

தூக்கத்திலிருந்து எழுந்து வந்த எபெர் நிஜமாகவே பொட்டலத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

அன்று மத்தியானம் அவள் அலமாரியையே இறக்கிவிட்டாள். கரடி உருவ மெத்து மிட்டாயில் ஜெலட்டின். ஜெலட்டின் என்றால் தோலும் எலும்பும் வேகவைத்து எடுப்பது என்று அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காய்கறிப் படம் போட்ட சூப் கட்டியில் கோழிக் கொழுப்பு. தாவர எண்ணெய் என்று கொட்டை எழுத்தில் போட்ட மார்ஜரினில், பொடி எழுத்தில் மோர்த்தூள். கறுப்புச் சாக்லேட்டில் பால்பொடி. குளியல் சோப்பில் மறுபடியும் மாட்டுக் கொழுப்பு, அதுவும் ரசாயனப் பெயரில் முக்காடு போட்டுக்கொண்டு. இளஞ்சிவப்பு மிட்டாயில் கார்மைன் என்று இருந்தது. அது என்ன என்று செல்போனில் தேடினாள். சப்பாத்திக் கள்ளியில் மொய்க்கும் பூச்சியைக் காயவைத்து அரைத்த சாயமாம்.

சந்தேகம் உள்ளதெல்லாம் ஒரு பக்கம், இல்லாதது மறுபக்கம் என்று அடுக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் நல்ல பக்கத்தில் வறுத்த கடலையும் மாத்தேத் தூளும் தீப்பெட்டியும்தான் மிஞ்சின.

"சரி, தீக்குச்சியத் தின்னு" என்றான் எபெர்.

நீபியா மறுபடி செல்போனை எடுத்தாள். சற்று நேரம் படித்தாள். பிறகு தீப்பெட்டிக் கட்டை எடுத்துச் சந்தேகப் பக்கம் வைத்தாள். குச்சித் தலையில் மருந்து ஒட்டுவதற்கே பல ஊர்களில் எலும்புப் பசைதானாம். எபெர் சிரித்த சிரிப்பில் கடைப் பலகை ஆடியது. கோபமாக நின்றவளும் அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

இதையெல்லாம் இனி விற்பதா வேண்டாமா என்று ஒரு வாரம் குழம்பினாள். விற்காமல் கடையை எப்படி நடத்துவது? கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள்: விற்பேன், ஆனால் யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சொன்னாள் என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெண்பிள்ளைகள் கும்பலாக வந்து இளஞ்சிவப்பு மிட்டாய் கேட்டபோது, "குட்டிகளா, இதுல பூச்சி அரைச்சுப் போட்டிருக்கான்" என்று எச்சரித்தாள்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிலாக்ரோஸ் என்ற வாயாடிதான் முன்னால் வந்தாள்.

"நிஜப் பூச்சியா?"

"நிஜப் பூச்சி."

"செத்ததா, உசிரோடவா?"

"காயவச்சு அரைச்சது."

"எனக்கு ரெண்டு குடுங்க. என் தம்பிக்குக் குடுத்துட்டு அப்புறமாச் சொல்றேன்."

மறுநாள் பள்ளிக்கூடமே பூச்சி மிட்டாய் கேட்டு வந்து நின்றது. கடை வைத்த நாளிலிருந்து எந்த மிட்டாயும் அப்படி விற்றதில்லை. உண்மை சொன்னால் உலகம் திருந்திவிடும் என்ற எண்ணம் நீபியாவுக்கு அன்றோடு கொஞ்சம் குறைந்தது.

ரொட்டியிலாவது சந்தேகம் இல்லை என்று இருந்தாள். இரண்டு தெரு தள்ளி தர்தோ சில்வெய்ராவின் ரொட்டிக்கடை. தர்தோ ஆள் ஆறடி, கன்னமெல்லாம் மாவு, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு மெட்டு. அவனும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒருநாள் காலை, கூட்டம் நிறைந்த நேரத்தில், அவள் கேட்டாள்.

"தர்தோ, உன் ரொட்டியில என்னென்ன போடறே?"

"மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட். அப்புறம் என் மனசு."

நீபியா ரொட்டியைப் பிட்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

"உன் மனசுல மாட்டு வாடை அடிக்குதே."

தர்தோவின் மெட்டு நின்றது. "அது... கொஞ்சூண்டு கொழுப்பு. அது இல்லன்னா மறுநாளே ரொட்டி கட்டையாயிடும். அது இறைச்சியில்ல நீபியா, உருக்கினது."

"உருக்கறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சாம்?"

"இங்க பாரு, என் ரொட்டியில இருக்கற கொழுப்பு ஒரு கைப்பிடி. உனக்கு இருக்கற கொழுப்புதான் மூட்டை மூட்டையா இருக்கு."

கடை குலுங்கிச் சிரித்தது. நீபியாவுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டுதான் வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு, ரொட்டியைப் பலகைமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறினாள்.

அதற்கப்புறம் வீட்டிலேயே ரொட்டி சுட்டாள். சமையல் கைவந்தவளுக்கு ஏனோ ரொட்டி மட்டும் கைக்கு வரவில்லை. எபெர் முதல் ரொட்டியை மேசையில் தட்டிப் பார்த்தான். "கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றான். இலையுதிர் காலத்து மழை பிடித்துக்கொண்டபோது, மழைக்கென்றே எல்லா வீட்டிலும் பொரிக்கிற வட்ட ரொட்டியை, வழக்கமான மாட்டுக் கொழுப்பில் இல்லாமல் சூரியகாந்தி எண்ணெயில் பொரித்துக் கொடுத்தாள். எபெர் நாலு தின்றுவிட்டு, "என்னமோ ஒண்ணு குறையுது" என்றான். என்ன குறைகிறது என்று கண்டுபிடிக்க ஐந்தாவதையும் எடுத்துக்கொண்டான்.

எபெர் தனக்கு வேண்டிய ரொட்டியை மட்டும் தர்தோவிடமே வாங்கிவந்து, பின்பக்கம் நின்று தின்பான். ஒருநாள் தர்தோ கேட்டான்: "அவ என்னதான் திங்கறா?"

"கல்லு" என்றான் எபெர். "அவளே சுட்ட கல்லு."

தர்தோவுக்கு அது பொறுக்கவில்லை. சண்டை சண்டையாக இருக்கட்டும், தன் அடுப்புக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மனுஷி கெட்ட ரொட்டி தின்றுகொண்டிருப்பதை எந்த ரொட்டிக்காரன் தாங்குவான்? அந்த வாரமே கொழுப்புக்குப் பதில் எண்ணெய் விட்டுத் தனியாக மாவு பிசைந்து நாலு ரொட்டி சுட்டான். ஒன்றை எபெரிடம் கொடுத்தனுப்பினான்.

நீபியா அதைக் கையில் ஏந்திக்கொண்டு நேராக ரொட்டிக்கடைக்கு வந்தாள். எல்லார் முன்னாலும் பிட்டாள், மோந்தாள், கண்ணை மூடி மென்றாள்.

"சுத்தம்" என்றாள். "என் மூக்க ஏமாத்த முடியாது. கொழுப்புப் பிரிவுக்காரரோட பொண்ணு நான்."

தர்தோ முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு மெட்டை முணுமுணுக்க ஆரம்பித்தான். அத்துடன் சமாதானம்.

நீபியாவின் மூக்குக்கு ஊரில் பேர் வந்தது இப்படித்தான். டாக்டர் கொழுப்பு கூடாது என்று சொன்னவர்கள், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள், சும்மா வம்புக்கு வருகிறவர்கள், எல்லாரும் பொட்டலத்தோடு வந்தார்கள். அவள் கண்ணாடியை மாட்டிக் கொஞ்சம் படிப்பாள், பிரித்துக் கொஞ்சம் மோப்பாள், தீர்ப்புச் சொல்வாள். போச்சே என்ற உருண்டை விளையாட்டுக் கிளப்புக்காரர்கள் ஒயின் புட்டியைக் கொண்டுவந்தபோது மட்டும் மூக்கு வேலை செய்யவில்லை. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளை சேர்ப்பதுண்டு என்று எங்கோ படித்திருந்தாள். புட்டியில் இருந்த எண்ணுக்கே போன் போட்டாள். எடுத்தவன், இதுவரை யாரும் கேட்டதில்லை என்று திணறி, இன்னொருவனிடம் கொடுத்தான். அவன் மூன்றாமவனிடம் கொடுத்தான். மூன்றாமவன், "சில வருஷம் சேர்ப்போம், சில வருஷம் இல்ல சென்யோரா, அது திராட்சையைப் பொறுத்தது" என்றான். கிளப்பில் அன்றிலிருந்து, ஒயின் புளித்தால் "இந்த வருஷம் முட்டை போடல" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

இந்தப் பெருமையெல்லாம் நீபியாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. பத்துப் பேரையாவது தர்தோவின் எண்ணெய் ரொட்டிக்கு அனுப்பியிருப்பாள். "கண்ண மூடிக்கிட்டு வாங்கு, நான் மோந்து பாத்தது."

ஜூனில் ஒரு மத்தியானம், ஊரே தூங்குகிற நேரம், தர்தோ வந்து கடைச் சன்னலில் நின்றான். சூயிங்கம் பெட்டியைத் திறந்தான், மூடினான்.

"என்னடா, மாவு தீந்துபோச்சா?"

"நீபியா, தகரம்."

"என்ன தகரம்?"

"ரொட்டி சுடற தகரம். தடவறது கடைப் பையன் வேலை. இன்னிக்கு அவன் காய்ச்சலாப் படுத்துட்டான், நானே பிரஷ எடுத்தேன். கை தானா கொழுப்பு டின்னுக்குள்ள போச்சு. அப்பத்தான் உறைச்சுது. மாவுல போடல. தகரத்துல இத்தன நாளும் அதத்தான் தடவிக்கிட்டு இருந்திருக்கோம்."

நீபியா இத்தனை வாரமும் தின்றிருக்கிறாள். ருசித்துத் தின்றிருக்கிறாள். கண்ணை மூடி மென்று, எல்லார் முன்னாலும் சுத்தம் என்று சொல்லியிருக்கிறாள். லாரிக்குள் இருந்த அந்த மாட்டின் முகம் ஒரு கணம் வந்துபோனது.

"நீ சொல்லாமயே இருந்திருக்கலாமே" என்றாள் மெதுவாக.

"இருந்திருக்கலாம். ஆனா நீ ஊருக்கெல்லாம் எனக்காகச் சத்தியம் பண்ணிக்கிட்டிருக்கே. என்னால அடுப்புக்கு முன்னாடி நிக்கவே முடியல."

ஆறடி மனிதன், மாவு படிந்த கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அவளுக்கு அவன்மேல் கோபமே வரவில்லை. தன் மூக்கைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கொழுப்புப் பிரிவுக்காரரோட பொண்ணு" என்றாள். சொன்னவுடன் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் தர்தோவும் சிரித்தான்.

மூடி மறைக்கிற பழக்கம் அவளிடம் கிடையாது. அன்று சாயங்காலமே, தான் அனுப்பிவைத்த வீடுகளுக்கெல்லாம் நடந்துபோய், "என் மூக்கு பொய் சொல்லிடுச்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள். குளிர்காலம் முழுக்க ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. சளி பிடித்தவன் யாராக இருந்தாலும், "நீபியாகிட்ட இருந்து தொத்திக்கிச்சு" என்றான். அவளும் கூடவே சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு யாராவது பொட்டலம் கொண்டுவந்தால், படித்துவிட்டு, "எழுத்துல இருக்கறது இது. மிச்சத்தச் சுட்டவனைக் கேளு" என்று மட்டும் சொல்லத் தொடங்கினாள்.

தர்தோ வந்து சொன்னதற்கு மறுநாள் காலையிலேயே ஒரு புட்டிச் சூரியகாந்தி எண்ணெயும் புத்தம்புதுப் பிரஷும் வாங்கிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனாள். எண்ணெய் ரொட்டிக்கென்று தனியாக நாலு தகரம் ஒதுக்கி, சோடா போட்டுத் தேய்த்து வைத்திருந்தான் தர்தோ. பிரஷை வாங்கி, கண்ணைச் சுருக்கி, கைப்பிடியில் இருந்ததைப் படித்தான். திருப்பி இன்னொரு தரம் படித்தான்.

"நீபியா."

"என்ன?"

"இயற்கை முடின்னு போட்டிருக்கு. இது பன்னி முடி."

வரிசையில் நின்றவர்கள் ரொட்டி வாங்குவதை மறந்து சிரித்தார்கள். கடைசியில் ஒரு பழைய பருத்தித் துணியை நாலாக மடித்துத்தான் தகரத்துக்கு எண்ணெய் தடவினார்கள். இப்போதும் அப்படித்தான்.

அந்த ரொட்டிக்கு வெள்ளிக்கிழமைகளில் இன்று நல்ல கிராக்கி. வாங்குகிறவர்களில் நீபியாவைத் தவிர வீகன் ஒருவரும் கிடையாது. சிலருக்கு டாக்டர் சொல்லியிருக்கிறார், மற்றவர்களுக்கு ருசி பிடித்திருக்கிறது. எபெர் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் தணல் கிளறி விலா எலும்பு வாட்டுகிறவன் அவன்தான். ஆனால் சூப்பர் மார்க்கெட்டுக்குத் தனியாகப் போனால் வரிசையை மறித்து நின்று, "கிழவி, கேசினேட்டுன்னு இருக்கு, அது நல்லவனா கெட்டவனா?" என்று போனில் கத்துகிறான்.

போன வசந்தத்தில் கிளப் ஆண்டுவிழா. புதிதாக ஊருக்கு மாற்றலாகி வந்த பாங்க்காரர் ஒருவர், தணலின் ஓரத்தில் தனிக் கம்பியில் குடமிளகாயும் கத்திரிக்காயும் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்து, யாருக்கு இது என்று கேட்டார்.

"என் பொண்டாட்டிக்கு" என்றான் எபெர். "அவ வீகன்."

"நீங்க?"

"நான் இல்ல. நான் லேபிள் படிக்கறவன்."

நீபியா தன் தட்டோடு தர்தோவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவன் ரொட்டியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்துவிட்டு, ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டான்.

"நீபியா, தேன்?"

"தேனுக்கென்ன?"

"தேனீக்குப் பால் வத்தறதில்லையே. அத யாரும் லாரியில ஏத்தறதும் இல்ல. அப்புறம் ஏன் வேணாங்கறே?"

"உன் ரொட்டிய நீ கேக்காம நான் எடுத்துக்கிட்டுப் போனா சும்மா இருப்பியா?"

"நீ எத்தன தரம் எடுத்திருக்கே. சும்மாத்தானே இருந்தேன்."

"அப்ப நீ தேனீய விட நல்லவன். சாப்பிடு."

பாங்க்காரர் நடுவில் புகுந்து, "தேனீ பூச்சிதானே, மிருகம் இல்லையே" என்றார். நீபியா கத்திரிக்காயைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். எபெர் தலையில் அடித்துக்கொண்டு, தணலில் இன்னும் இரண்டு விறகு எடுத்துப் போட்டான். பேச்சு இப்போதைக்கு முடியாது என்று அவனுக்குத் தெரியும்.